செவலையின் வாய்க்குள் போன கை

பால்காரர் வீட்டுச் செவலைப் பசு செத்த அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் டீ போடவில்லை. மழை பிடித்துக்கொண்டு நாலு நாளாக நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. சூடாக ஏதாவது தொண்டையில் இறங்கினால் தேவலை என்று இருக்கிற காலம். ஆனால் கொட்டகையிலிருந்து வெளியே வந்த மாட்டு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "வெறிநாய்க்கடி மாதிரி தெரியுது, தலையை எடுத்துட்டுப் போய் சோதிக்கணும்" என்று பால்காரரிடம் சொன்னது நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. நாலு பேர் காதில் விழுந்தால் போதாதா? அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வீடு பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சாக்கடையில் கவிழ்த்தார்கள். நானும் கவிழ்த்தேன். கவிழ்த்துவிட்டு, காலையில் குடித்ததை நினைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காலையில் குடித்த டீ மத்தியானம் வருமா? கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். பயம் வந்தால் புத்தி முதலில் வெளியே போய்விடுகிறது, டீ மட்டும் உள்ளேயே இருக்கிறது.

நான் பால்காரர் வீட்டுக்கு எதிரில் தையல் கடை வைத்திருப்பவள். என் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர்கள் கேட், அதற்குள் ஒரு முற்றம், முற்றத்தின் கடைசியில் தகரம் போட்ட மாட்டுக் கொட்டகை, எல்லாம் நேராகத் தெரியும். பால்காரரும் அவர் மனைவியும் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். அவர் கறப்பார், அவள் வடிகட்டி அளந்து ஊற்றுவாள். அவர் சைக்கிளில் கேனை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் அவள் சாணி அள்ளி, கொட்டகையைக் கழுவி, தீவனம் கலந்து வைப்பாள். கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை இல்லாத வீடு. மாடுகள்தான் அவர்களுக்கு எல்லாம். அதிலும் செவலை என்றால் பால்காரருக்கு உயிர்.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் மூன்றாவது ஆளும் இருந்தான். பால்காரரின் தம்பி. தெருவில் எல்லோருக்கும் அவன் சின்னவன். நெடுநெடுவென்று வளர்ந்தவன், கை மட்டும் சன்னமாக, நீளமாக இருக்கும். கை நீளம் என்று சொன்னால் அர்த்தம் வேறாகிவிடும் என்பதால் சன்னக்கைக்காரன் என்று சொல்வோம். கன்று திரும்பிக்கொண்டு வெளியே வரமுடியாமல் மாடு தவித்தால் சுற்றுவட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணெயைத் தடவிக்கொண்டு கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிக் கன்றின் காலைக் கண்டுபிடித்துவிடுவான். எத்தனையோ மாடு பிழைத்தது. அண்ணன் வீட்டு மாடு ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. கன்றும் போய் தாயும் போனது. அன்றைக்குப் பால்காரர் துக்கத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "இனிமே என் மாட்டுமேல உன் கை படக்கூடாது" என்றார். சின்னவன் அப்படியே எழுந்து, கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் வெளியே போனான். வைக்கோல் லாரி ஓட்டப் போய்விட்டான். வருஷம் நாலாகிறது. அண்ணன் தம்பி இருவரும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

செவலைக்கு என்ன வந்தது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு விலகியது. வாயில் நுரையும் எச்சிலும் கயிறு மாதிரித் தொங்கியது. கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தும். கத்தல் என்றால் மாடு கத்துவது போலவே இல்லை, தொண்டை கிழிந்த மாதிரி ஒரு சத்தம். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. மாடு வளர்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் இதைப் பார்த்தால் ஒன்றைத்தான் நினைப்பார்கள்: தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. கிழங்கோ, பிளாஸ்டிக் பையோ. அப்போது அவர்கள் செய்கிற வேலையும் ஒன்றுதான். வாயைப் பிளந்து, நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, கையை உள்ளே விட்டுப் பார்ப்பது. ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு நாய் கொட்டகைக்குள் வந்து போனதும், செவலையின் பின்னங்காலில் சின்னக் காயம் இருந்ததும், கம்பி கிழித்திருக்கும் என்று பால்காரர் அதில் பழைய வண்டி ஆயிலைத் தடவியதும் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

செவலை செத்த மறுநாள் காலையிலேயே ஊசியம்மா வந்துவிட்டாள். சுகாதார நிலையத்து நர்ஸ்தான். அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் தெருப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும், அதனால் அந்தப் பெயர். குள்ளமான உருவம், அவளைவிடப் பெரிய மழைக்கோட்டு, பின்னால் கட்டிய நீலநிற ஐஸ் பெட்டி. கூடவே சுகாதார இன்ஸ்பெக்டரும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மழையில் நனைந்துகொண்டே கொட்டகைக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு, செவலையைப் புதைக்க வைத்தார். யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது என்று பக்கத்திலேயே நின்றார். பால்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஊசியம்மா என் கடையின் வெட்டு மேசையைக் கேட்டு வாங்கி, அதன்மேல் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. எல்லோருக்கும் ஊசி வேண்டும். மளிகைக் கடைக்காரர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. சாதாரண நாளில் ஊசி என்றால் கடையைப் பூட்டிக்கொண்டு போகிற ஆள். அவள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டாள். பாலைக் காய்ச்சினீர்களா, பச்சையாகக் குடித்தீர்களா, மாட்டைத் தொட்டீர்களா, எச்சில் எங்கே பட்டது, கையில் காயம் இருந்ததா. கேட்டதையே இன்னொரு தரம் வேறு மாதிரி கேட்டாள். காய்ச்சிக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஊசி தேவையில்லை என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னாள். மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் மூன்று தரம் சொல்லவேண்டி வந்தது. சரக்கு இல்லை, அதைத்தான் இப்படி மறைக்கிறார்கள் என்று அவர் குரலை உயர்த்தினார். அவள் கோபப்படவில்லை. "உங்களுக்கு வேணும்னா நானே உங்க கடைக்கு வந்து போட்டுட்டுப் போவேன். உங்களுக்கு வேணாம்" என்றாள். எனக்கும் வேண்டாம் என்று சொன்னபோது சந்தோஷப்படாமல் சந்தேகப்பட்டேன். வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இறங்கியது. அரை மணி கழித்து மறுபடி குடித்துப் பார்த்தேன்.

பிறகு ஊசியம்மா பால்காரர் வீட்டுக்குப் போனாள். பால்காரர் செவலைக்குப் புட்டியில் மருந்து புகட்டியிருக்கிறார், விரலில் கீறல் இருந்தது. அவர் மனைவியைக் கேட்டபோது, அவர் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் தானே வாயைப் பிளந்து கையை விட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். ஆமாம் என்று பால்காரரும் தலையாட்டினார், வந்ததுமே சொன்னாள் என்றார். வேறு யாராவது தொட்டார்களா என்று ஊசியம்மா கேட்டாள். இல்லை என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கேட்டாள். இல்லை என்றாள். ஊசியம்மா இருவருக்கும் ஊசி போட்டாள். அடுத்தடுத்து எப்போது வரவேண்டும், ஏன் ஒன்றைக்கூட விடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் பால்காரர் மனைவி என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். தைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. முகம் வெளுத்துக் கிடந்தது. ஊசி போட்டதால் இருக்கும், மாடு போன துக்கம் வேறு என்று நினைத்துக்கொண்டு நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். அவள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "அக்கா, இது ஒருத்தருக்கு வந்துட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். தண்ணீரைக் கண்டால் பயம், தொண்டை பூட்டிக்கொள்ளும், காற்று பட்டால் உதறும் என்றெல்லாம். சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அவள் எழுந்து போய்விட்டாள். கேட்டைத் திறக்கத் தெரியாமல் அதன்முன் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன்.

அடுத்த நாள் மழை வலுத்திருந்தது. பால்காரர் தவிடு வாங்கப் போயிருந்தார். அந்த நேரமாகப் பார்த்து ஊசியம்மா தனியாக வந்தாள். சோதனையில் வெறிநோய்தான் என்று உறுதியாகிவிட்டது என்றாள். அதைச் சொல்வதற்கு மட்டும் வந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பாள். கொட்டகையைப் பார்க்கவேண்டும் என்றாள். பால்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீயும் வா" என்றாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

செவலை கட்டியிருந்த இடத்தைக் கழுவி, மருந்துத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். மற்ற மாடுகள் அந்தப் பக்கம் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேசவேண்டியிருந்தது.

"அக்கா, அன்னிக்கு எப்படிப் பண்ணீங்கன்னு ஒரு தடவ காட்டுங்க" என்றாள் ஊசியம்மா. "மாட்டுப் பக்கம் போக வேணாம். இந்தக் கம்பத்தையே மாடுன்னு வெச்சுக்கோங்க."

"அதான் நேத்தே சொன்னேனே நர்சம்மா."

"நேத்து சொன்னீங்க. இன்னிக்குக் காட்டுங்க."

பால்காரர் மனைவி கம்பத்தின் முன் போய் நின்றாள். இடது கையால் நாக்கைப் பிடிப்பது போலப் பிடித்தாள். வலது கையை நீட்டினாள்.

"தலைய யார் புடிச்சா?"

"கயத்துல இழுத்துக் கட்டிட்டேன்."

"அது கத்திக்கிட்டு, முட்டிக்கிட்டு நிக்குது. கயத்துல கட்டினா தல ஆடாதா?"

"ஆடும். அடக்கிப் புடிச்சேன்."

"ஒரு கையில நாக்கு. ஒரு கை உள்ள. தலைய அடக்கினது எந்தக் கை?"

அவள் நீட்டிய கையைக் கீழே இறக்கினாள். ஊசியம்மா அவள் அருகில் போய் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். புறங்கையையும் முழங்கை வரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் கிடையாது. மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள் இறுக்கமாக இருந்தன.

"இந்த வளையல் அன்னிக்கும் போட்டிருந்தீங்களா?"

"கழட்டி வெச்சிருந்தேன்."

அந்த வளையல் சோப்புப் போட்டு இழுத்தாலும் கழலாது. உடைத்தால்தான் உண்டு. எனக்குத் தெரியும், அவளுக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைக்கிறவள் நான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏதோ ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை.

ஊசியம்மா கையை விடவில்லை. "நான் போலீஸ் இல்லக்கா. யார் மேல தப்புன்னு கண்டுபிடிக்க வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உள்ள போன கையில கீறல் விழுந்துதா?"

பால்காரர் மனைவி கம்பத்தைப் பிடித்துக்கொண்டே அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"விழுந்துது" என்றாள். "கடைவாய்ப் பல்லு நல்லா கிழிச்சிடுச்சு. ரத்தம் வந்துது. துண்டால தொடச்சுக்கிட்டுப் போயிட்டாரு. கழுவிட்டுப் போங்கன்னேன். அண்ணன் வந்துடுவாரு அண்ணின்னு ஓடிட்டாரு."

"யாரு?"

"என் கொழுந்தனாரு."

செவலை கத்துவதைக் கேட்டுத் தாங்க முடியாமல், கணவர் இல்லாத நேரத்தில் அவள்தான் போன் போட்டு அவனை வரவழைத்திருக்கிறாள். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பின்வாசல் வழியாக வந்திருக்கிறான். அவள் தலையை அடக்கிப் பிடிக்க, அவன் தோள் வரை கையை விட்டுத் தேடியிருக்கிறான். தொண்டையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையே அண்ணி என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறான். கண் கலங்கியதாம் அவனுக்கு.

"நேத்தே ஏன் சொல்லல?"

"அவரு பக்கத்துல நின்னாரே. தம்பி கை படக்கூடாதுன்னு சொன்னவரு. படவெச்சது நான்னு தெரிஞ்சா..."

"அடிப்பாரா?"

"அடிக்க மாட்டாரு. பேச மாட்டாரு. கூடப் பொறந்தவன்கிட்டயே நாலு வருசமாப் பேசல. என்கிட்டயும் அப்படி இருந்துட்டார்னா இந்த வீட்டுல நான் மாட்டுகிட்டதான் பேசணும்."

ஊசியம்மா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஈரத்தையும் சாணியையும் பார்க்கவில்லை. "இங்க பாருங்க. இது வந்துட்டா வைத்தியம் கெடையாது. எந்தப் பெரிய டாக்டராலயும் முடியாது. வர்றதுக்கு முன்னாடி மட்டும்தான் நம்ம கையில இருக்கு. நாள் போயிடுச்சு, ஆனா இன்னும் வழி இருக்கு. அவரு நம்பர் குடுங்க."

நாங்கள் இத்தனை பேரும் தேவையில்லாத ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றோம், தேவைப்பட்டவன் எங்கேயோ மழையில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தெரியவே தெரியாது. காயம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

அவள் போனில் கொழுந்தன் நம்பர் 'தீவனக் கடை' என்ற பெயரில் இருந்தது. போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டாலும் அதே குரல். எந்த லாரி, யார் வண்டி, எந்தப் பக்கம் போகிறான், எதுவும் அவளுக்குத் தெரியாது. ஊசியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தது அப்போதுதான். ஊசியம்மாவே பயந்தால் நாங்கள் எங்கே போவது என்று இருந்தது.

அந்த நேரத்தில் கேட் திறந்தது. பால்காரர் தவிட்டு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் மூவரையும் பார்த்ததும் நின்றார். மூட்டையை இறக்கவில்லை. அவர் மனைவி எழுந்தாள். அவள் சொல்லமாட்டாள், ஊசியம்மாதான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவளே சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றை விடாமல், சின்னவனை அழைத்தது, அவன் கையை விட்டது, பல் கிழித்தது, தான் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

மூட்டை அவர் தோளிலிருந்து தானாகச் சரிந்து ஈரத் தரையில் விழுந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. ஊசியம்மாவைப் பார்த்தார்.

"இன்னிக்கு வியாழக்கிழமைதானே" என்றார். "வியாழக்கிழமைன்னா லோடு ஏத்திட்டுத் திரும்புற நாள். ஆத்துப் பாலம் தாண்டி லாரி எடை மேடை ஒண்ணு இருக்கு. மழைன்னா அங்க வரிசை நீளும். அந்த வரிசையில நிப்பான். இல்லேன்னா பக்கத்துல பஞ்சர் கடை இருக்கு, அங்க சாப்பிட்டுக்கிட்டு இருப்பான். போன்ல சார்ஜ் நிக்காது அவனுக்கு, பேட்டரி போயிடுச்சு." லாரி நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். கண்ணாடியில் பச்சை ரிப்பன் கட்டியிருப்பான் என்றார்.

பால்காரர் மனைவி நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு வருஷமாகத் தம்பி பெயரை வாயால் சொல்லாத மனிதர். தம்பியின் போன் பேட்டரி போனது வரைக்கும் எப்படித் தெரிந்தது? யாரிடம் கேட்டார், எத்தனை தரம் கேட்டார்? கல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் அவரை.

ஊசியம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுகாதார நிலையத்து நர்ஸுக்குப் போன் போட்டாள். நம்பர், ரிப்பன், உயரமான ஆள், வலது கையில் காயம் என்று சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்து இருக்கிறதா என்று கேட்டு, ஒருவருக்கு எடுத்து வைக்கச் சொன்னாள். பிறகு காத்திருந்தோம். பால்காரர் தரையில் சிந்திய தவிட்டைக் கையால் கூட்டிக்கொண்டே இருந்தார். ஈரத்தில் ஊறிப்போன தவிடு, எதற்கும் ஆகாது. கூட்டிக்கொண்டே இருந்தார்.

ஊசியம்மாவின் போன் அடித்தது. அந்தப் பக்கத்து நர்ஸ் கொட்டுகிற மழையில் லாரி வரிசையின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே போய்ச் சின்னவனைப் பிடித்துவிட்டாள். ஆனால் அவன் வரமாட்டேன் என்கிறானாம். காயம் ஆறிவிட்டது, வரிசையை விட்டால் நாளைக்குத்தான் முறை வரும், எடை போட்டுவிட்டு வருகிறேன் என்று வண்டியிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருக்கிறானாம்.

பால்காரர் எழுந்து கையை நீட்டினார். ஊசியம்மா போனைக் கொடுத்தாள். அவர் கையெல்லாம் தவிடு.

"டேய்" என்றார்.

அந்தப் பக்கமிருந்து மழைதான் கேட்டிருக்கும், இரண்டு பக்கமும் ஒரே மழை.

"அந்தக் கையை அந்தம்மாகிட்ட குடுடா" என்றார் பால்காரர். "வண்டி எக்கேடோ கெட்டுப் போவுது. செவலை போயிடுச்சு. அது பட்ட பாட்ட நான் கண்ணால பார்த்தேன். உன்னை அப்படிப் பார்க்க என்னால முடியாதுடா. எறங்குடா."

போனை ஊசியம்மாவிடம் கொடுத்துவிட்டு, கம்பத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் மனைவி போய் அவர் முதுகில் கையை வைத்தாள். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

சின்னவன் இறங்கினான். அந்த நர்ஸ் பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியிலேயே அவன் கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவிவிட்டு, தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். ஒட்டகம் மாதிரி இருக்கிற அவன் பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனதைப் பார்த்து லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்திருக்கிறார்கள். பின்னால் அவனே சொல்லிச் சிரித்தான். ஆனால் காயத்தைச் சுற்றி அந்த மருந்தைப் போட்டபோது சிரிக்கவில்லையாம்.

ஊசி ஒன்றோடு முடியாது. நாள் கணக்கு வைத்து அடுத்தடுத்துப் போடவேண்டும். லாரிக்காரன் ஒரு இடத்தில் இருப்பானா? அவன் எந்த ஊருக்குப் போகிறானோ அந்த ஊர் நர்ஸுக்கு எங்கள் ஊசியம்மாவின் போன் போய்விடும். அவன் போய் நிற்பதற்கு முன்னால் அங்கே ஒருத்தி பெட்டியோடு நிற்பாள். ஒரு ஊரில் ஆஸ்பத்திரி பூட்டிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். அங்கிருந்த அம்மா வீட்டுக்குப் போகாமல் வாசல்படியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஏன் தாமதம் என்று அவனைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஊசி போட்டாளாம். முன்பின் பார்த்திராத அத்தனை பெண்களிடம் திட்டு வாங்கியவன் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

கடைசி ஊசியும் முடிந்த அன்று ஊசியம்மா வந்து, எல்லாம் ஒழுங்காகப் போட்டாயிற்று, இனி பயப்படவேண்டாம் என்று பால்காரர் மனைவியிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீங்கள் மட்டும் அன்றைக்கு மறுபடி வந்து கேட்காமல் இருந்திருந்தால் என்று அவள் ஆரம்பித்தாள். "கேட்டாச்சுல்ல" என்றாள் ஊசியம்மா. அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளையை நாய் கடித்துவிட்டதாம், ஸ்கூட்டரை நிறுத்தக்கூடச் செய்யாமல் பேசிவிட்டுப் போனாள்.

பயப்படவேண்டாம் என்று சொன்னால் பயம் போய்விடுமா? மெஷினைப் போல மிதித்தால் ஓடி, நிறுத்தினால் நிற்கிற சாமானா அது? மளிகைக் கடைக்காரர் வேறு, இந்த வியாதி மாதக் கணக்கில் பதுங்கியிருந்துவிட்டு வரும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவன் இப்போதெல்லாம் லாரி இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அண்ணனும் தம்பியும் நிறையப் பேசுவதில்லை. மாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆனால் அவன் முற்றத்தில் கால் வைத்ததும் அவன் அண்ணி ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து நிற்பாள். எதுவும் சொல்லமாட்டாள். அவன் வாங்கி அண்ணாந்து குடிப்பான். அவள் கண் அவன் தொண்டையை விட்டு நகராது. பால்காரர் கொட்டகையில் வேலையாக இருப்பவர் போல நின்று அதையே பார்ப்பார். நான் மெஷினை நிறுத்திவிடுவேன். கடைசி மடக்கு இறங்கி, அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பிக் கொடுக்கிற வரை அந்த வீட்டில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். அவனுக்கும் தெரியும். தாகம் இல்லாத நாளிலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பான். ஒருநாள் புரையேறி இருமிவிட்டான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் பதறிப்போய், "ஒண்ணும் இல்ல அண்ணி, அவசரமாக் குடிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு சொம்பு வாங்கி அவள் கண்ணெதிரே நிதானமாகக் குடித்துக் காட்டினான்.

மழை போனது. வெயில் வந்தது. வெயிலும் போய் மறுபடி மழை வந்தது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாலுக்குத் திரும்பினார்கள். மளிகைக் கடைக்காரர்தான் கடைசி. பால்காரர் வீட்டில் ஒரு கிடாரி சினைப்பட்டிருந்தது. போன வாரம் அதற்கு வலி கண்டது. கன்று திரும்பியிருக்கிறது என்று பால்காரர் சொன்னதும் அவரே போன் போட்டுத் தம்பியை வரச்சொன்னார். சின்னவன் லாரியைத் தெருமுனையில் விட்டுவிட்டு ஓடிவந்தான். இந்தத் தடவை முன்வாசல் வழியாக. கையுறை மாட்டிக்கொண்டுதான் கையை விட்டான், ஊசியம்மாவின் கண்டிப்பு அது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஈரமாக, நடுங்கிக்கொண்டு ஒரு கன்று வைக்கோலில் கிடந்தது. பால்காரரும் அவர் மனைவியும் குனிந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னவன் கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். வேர்த்துக் கொட்டியிருந்தது அவனுக்கு.

"அண்ணி, தண்ணி" என்று குரல் கொடுத்தான்.

"பானையில இருக்கு தம்பி, எடுத்துக் குடிச்சுக்கோங்க. எனக்குக் கை ஒழியல" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு தானே மொண்டு குடித்தான். கொட்டகையில் இருந்த இருவரும் கன்றை எழுப்பி நிறுத்துவதில் இருந்தார்கள். அவன் தொண்டையில் தண்ணீர் இறங்கியதை அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.